வீட்டில் புரிகிற ஆங்கிலம் வகுப்பறையில் ஏன் புரிவதில்லை?

சிங்காநல்லூர் அம்மா (கேள்வி)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

என் மகளுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு, ஆங்கில வழி. வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ். என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ராத்திரி அவர் சொல்லும் கதையைக் கேட்காமல் இவள் தூங்கமாட்டாள்.

போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு டீச்சர் சொன்னார்: "பாப்பா நல்ல பிள்ளைதான். ஆனால் சொன்னது காதில் ஏறுவதே இல்லை. ஒன்று சொன்னால் இன்னொன்று எழுதுகிறாள். பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்க்கிறாள். வீட்டிலேயும் இங்கிலீஷிலேயே பேசுங்கள், சரியாகிவிடும்." அவர் அக்கறையோடுதான் சொன்னார். எனக்குத்தான் முகம் செத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைத் திட்டிவிட்டேன்.

அவள் தூங்கிய பிறகு கணக்கு ரஃப் நோட்டை எடுத்துப் பார்த்தேன். டீச்சர் வாயால் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு போடும் கூட்டல்கள். முதல் பக்கத்தில் 30 + 24 = 54 என்று எழுதியிருக்கிறாள். அதன்மேல் சிவப்பு மையில் தப்புக் குறி. பக்கத்தில் டீச்சர் 13 + 24 = 37 என்று திருத்தியிருக்கிறார். கீழே 50 + 12 = 62, அதுவும் தப்பு; கேட்டது 15 + 12 ஆம். அடுத்த பக்கத்தில் 16 வரவேண்டிய இடத்தில் 60. நான்கு பக்கம் பார்த்தேன். கூட்டலில் ஒரு பிழைகூட இல்லை. எண்கள்தான் வேறு. தர்ட்டீன் தர்ட்டி ஆகியிருக்கிறது, ஃபிஃப்டீன் ஃபிஃப்டி ஆகியிருக்கிறது. அவள் கேட்ட கணக்குக்குச் சரியான விடையைத்தான் போட்டிருக்கிறாள்.

மறுநாள் காலையில் சமையலறையில் நிற்கவைத்து இதே மாதிரி இருபது எண்களை ஆங்கிலத்தில் சொன்னேன். இருபதும் சரி. பிறகு சட்னிக்கு மிக்ஸியைப் போட்டுவிட்டு, அது ஓடும்போதே இன்னொரு இருபது சொன்னேன். ஆறு தப்பு. மிக்ஸி ஓடும்போதே தமிழில் பதிமூன்று, முப்பது என்று கேட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அப்புறம் எச்.எம்.மிடம் அனுமதி வாங்கி ஒரு பீரியட் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். 42 பிள்ளைகள். மேலே சிமென்ட் ஷீட். நான்கு மின்விசிறிகள், அதில் ஒன்று சுற்றுக்கு ஒரு தரம் டக் டக்கென்று தட்டுகிறது. ஜன்னலுக்கு வெளியே தெரு, எதிரில் லேத் பட்டறை. பக்கத்து வகுப்புக்கும் இதற்கும் நடுவில் பிளைவுட் தடுப்புதான், அதற்குமேல் இரண்டடி திறந்தே கிடக்கிறது. நான் போன நேரம் அந்தப் பக்கம் ஏழாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. எங்கள் டீச்சர் புத்தகத்தைத் திறக்கச் சொன்னது கேட்டது. எத்தனையாம் பக்கம் என்றது கேட்கவில்லை. முன் பெஞ்சுப் பிள்ளை எங்கே புரட்டுகிறது என்று எட்டிப் பார்த்து நானும் புரட்டினேன். புரட்டின பிறகுதான் சுருக்கென்றது. என் மகளை இதற்காகத்தானே திட்டினேன்.

காதில் ஏதாவது குறையா? ஆங்கிலம் போதவில்லையா? இல்லை, அந்த அறைதான் காரணமா? டீச்சர் சொன்ன மாதிரி வீட்டில் தமிழைக் குறைக்கவேண்டுமா? அம்மாவிடம் போய், கதை சொல்லாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சேலம் அப்பா

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் காதுப் பரிசோதனை செய்துவிடுங்கள். என் பையனுக்கும் இதே மாதிரி 'கவனமில்லை' என்றுதான் ஒரு வருடம் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் நடுக்காதில் நீர் கோத்திருந்தது. சளி பிடிக்கும்போதெல்லாம் வந்து வந்து போயிருக்கிறது. வலி இல்லாததால் அவனும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. மருந்திலேயே சரியாயிற்று. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே இதைப் பார்ப்பார்கள்.


மதுரை ஆடியாலஜிஸ்ட்

அக்கா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாட்டி கதையை நிறுத்தாதீர்கள். தமிழைக் குறைப்பதால் அந்தப் பிளைவுட் தடுப்பு உயராது, லேத் ஓடுவதும் நிற்காது. கதை கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, விட்டுப்போன சொல்லை முன்பின் பார்த்து நிரப்பத் தெரியும். சத்தத்தில் கேட்க அவளிடம் இருக்கும் பெரிய பலமே அதுதான்.

சேலத்துக்காரர் சொன்னது சரி. ஆடியோமெட்ரி (எவ்வளவு மெல்லிய ஒலிவரை கேட்கிறது என்ற சோதனை), டிம்பனோமெட்ரி (நடுக்காதைப் பார்க்கும் சோதனை) இரண்டும் செய்யுங்கள். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். அந்தச் சோதனை நடப்பது சத்தமே வராத ஓர் அறையில். அங்கே ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால் காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வகுப்பில் எல்லாம் கேட்கிறது என்று அர்த்தமில்லை. முடிந்தால் இரைச்சலை ஓடவிட்டுச் சொற்களைச் சொல்லவைக்கும் சோதனையையும் கேளுங்கள்.

உங்கள் மிக்ஸி சோதனையைப் படித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். நாங்கள் கருவி வைத்துச் செய்வதையே நீங்கள் சட்னியோடு செய்திருக்கிறீர்கள். ஆனால் தமிழ் எண்களோடு ஒப்பிட்டது சரியான போட்டி இல்லை. பதிமூன்று, முப்பது இரண்டும் முதல் எழுத்திலேயே பிரிந்துவிடும். பதினைந்து, ஐம்பதும் அப்படித்தான். எவ்வளவு சத்தம் இருந்தாலும் குழம்ப வழியில்லை. தர்ட்டீன், தர்ட்டி அப்படி இல்லை. பெரிய வித்தியாசம் கடைசியில் வரும் ஒரு மெல்லிய 'ன்'. சத்தம் முதலில் சாப்பிடுவது அந்த மாதிரி எழுத்தைத்தான்.

பேச்சில் உயிர் ஒலிகளுக்குப் பலம் அதிகம், மெய்களுக்குக் குறைவு. ஆனால் எந்தச் சொல் என்று பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது மெய்தான். மின்விசிறி இரைச்சலும் தெரு இரைச்சலும் சேர்ந்தால் 'ஆ', 'ஈ' எல்லாம் தப்பிப் பிழைத்துவிடும்; 'ஸ்', 'ஃப்', 'த்', 'ட்' மூழ்கிவிடும். ஷீட் கூரையும் மொட்டைச் சுவரும் உள்ள அறையில் எதிரொலி வேறு. ஒரு அசையின் வால் அடுத்த அசையின் தலைமேல் விழும்.

இங்கே இரண்டு மொழிகளின் அமைப்பையும் கொஞ்சம் பாருங்கள். 'பிள்ளைகள் வந்தார்கள்' என்பதில் பன்மை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்றை விசிறி விழுங்கினாலும் இன்னொன்று மிஞ்சும். 'அவள் வந்தாள்' என்பதில் பெண்பாலும் அப்படியே. ஆங்கிலத்தில் 'கேட்', 'கேட்ஸ்' இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு 'ஸ்'. 'வாக்', 'வாக்ட்' இரண்டுக்கும் நடுவில் ஒரு 'ட்'. அது காதில் விழாவிட்டால், அப்படி ஓர் இலக்கணம் இருக்கிறது என்றே பிள்ளைக்குத் தெரியாமல் போகலாம். அப்புறம் பரீட்சையில் 'எஸ்' போடவில்லை என்று மார்க் குறையும்.

பெரியவர்களுக்கு ஏன் இது தெரிவதில்லை? நாம் நிரப்பிக்கொள்கிறோம். பாதி வாக்கியம் கேட்டால் மீதியை மூளை போட்டுவிடும். இந்தத் திறன் முழுமையாக வளர 13, 14 வயது ஆகிறது. எட்டு வயதில், அதுவும் இரண்டாவது மொழியில், நிரப்பக் கையில் சரக்கு குறைவு. 1997-இல் அமெரிக்காவில் ஸ்பானிஷ், ஆங்கிலம் இரண்டும் பேசுபவர்களை வைத்து மேயோ, ஃப்ளாரன்டைன், பூஸ் என்ற மூவர் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆங்கிலத்தைச் சின்ன வயதில் பிடித்தவர்கள், 14 வயதுக்குமேல் கற்றவர்களைவிட இரைச்சலில் நன்றாகக் கேட்டார்கள். ஆனால் கைக்குழந்தையிலிருந்தே இரண்டு மொழியும் கேட்டு வளர்ந்தவர்கள்கூட, ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்கள் அளவுக்கு இரைச்சலில் வரவில்லை. 2006-இல் வந்த இன்னொரு ஆய்வும் இதையே காட்டியது. அதில் இருந்தவர்கள் ஆறு வயதுக்கு முன்பே ஆங்கிலம் கற்றவர்கள், பேச்சில் வேற்று வாடையே இல்லாதவர்கள். அமைதியான அறையில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்குச் சமமாக நின்றார்கள். இரைச்சலும் எதிரொலியும் சேர்ந்ததும் பின்தங்கினார்கள். அதனால்தான் உங்கள் மகளிடம் நேருக்கு நேர் பேசிப் பார்க்கும் யாருக்கும் குறை எதுவும் தெரியாது.

பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். விசிறிச் சத்தம் வெறும் சத்தம். வாய்ப்பாடு பேச்சு. புரிகிற பேச்சு காதில் விழுந்தால் மனம் அதன் பின்னால் ஓடும், பிள்ளை பிடித்துவைக்க முடியாது. 'கவனமில்லை' என்று டீச்சர் பார்த்தது இதுவாகவே இருக்கலாம்.

அளவு கேட்பீர்கள். சத்தத்தை அளக்கும் அலகு டெசிபல். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வகுப்பறைக்குச் சொன்னது 35 டெசிபல் பின்னணிச் சத்தம், எதிரொலி அடங்க 0.6 விநாடி. ஆசிரியர் குரல் பின்னணியைவிட 15 டெசிபல் மேலே இருக்கவேண்டும் என்பது எங்கள் துறையின் பொதுக் கணக்கு. சாதாரணக் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபல். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 குறையும். அறைக்குள் எதிரொலி கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், ஆனால் தெளிவைக் கெடுத்துக்கொண்டே பிடிக்கும். நம் ஊரில் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை மாநில அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம்; அறிவித்தால் பகலில் 50 டெசிபல்தான் வரம்பு. அங்கே ஹார்ன் அடிக்கவே கூடாது.

கடைசியாக ஒன்று, இது உங்களுக்காகவே. நியூயார்க்கில் ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியல் பேராசிரியரிடம் படித்த ஒரு மாணவி, தன் பிள்ளையின் பள்ளிக்குப் பக்கத்திலேயே மேம்பால ரயில் ஓடுகிறது, பாடமே நடப்பதில்லை என்று புலம்பினாராம். பேராசிரியர் போய் அளந்தார். ரயில் பக்கத்து வகுப்புகளில் படித்தவர்கள் ஆறாம் வகுப்பு வரும்போது, மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். ஒரே பள்ளி, ஒரே பாடம். 1975-இல் அது வெளிவந்தது. தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள், வகுப்பின் உட்கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை போட்டார்கள். மறுபடி அளந்தபோது அந்த வித்தியாசம் இல்லை. தொடங்கி வைத்தது ஒரு தாயின் புலம்பல்தான், அக்கா. நீங்கள் அந்த ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள்.


திருப்பூர் வாத்தியார்

நான் அரசுப் பள்ளி ஆசிரியர், தமிழ் வழி. எங்களிடம் இது தலைகீழாக நடக்கிறது. பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் நிறைய. அவர்களுக்கு வீட்டில் போஜ்புரி அல்லது இந்தி. இரண்டாவது மொழி தமிழ்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். 'புளி' படம் வரையச் சொன்னேன். புலி வரைந்தான், மீசை எல்லாம் வைத்து. 'பள்ளி' என்றால் பல்லி. ல, ள பிடிபடவில்லை என்று முடிவுகட்டி, தனியாக உட்காரவைத்து நாக்கை மடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் சத்துணவு முடிந்து வேப்பமரத்தடியில் அவன் எதிரில் உட்கார்ந்து, ரசத்தைக் காட்டி "இதில் என்ன போட்டிருக்கிறது?" என்றேன். "புளி" என்றான், சுத்தமான ளகரம். நானே நாலு தடவை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் சரியாகப் பிரித்தான். வகுப்பில் எங்களுக்குப் பின்னால் நிட்டிங் யூனிட், நாள் முழுக்க ஒரே ரீங்காரம். அந்த ரீங்காரத்தில் என் ல-வும் ள-வும் அவனுக்கு ஒன்றாகவே விழுந்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கும் ஒன்றாகத்தான் விழும். ஆனால் தமிழ்ப் பிள்ளை 'ரசத்துக்கு' என்று கேட்டவுடனே புளியைப் போட்டுக்கொள்வான்.

அன்றிலிருந்து சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். எண், பக்கம், புதுச் சொல் எதையும் வாயால் மட்டும் சொல்வதில்லை, கரும்பலகையிலும் எழுதுவேன். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவதை விட்டுவிட்டேன். எழுதி முடித்துத் திரும்பி நின்றுதான் பேசுவேன், உதடு தெரியவேண்டும். 2022-இல் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபிறகு குழுவாக உட்கார்ந்து பேசுவது அதிகம். அது நல்ல சத்தம், பிள்ளைகள் பேசினால்தான் மொழி வரும். ஆனால் என்ன செய்யவேண்டும் என்பதைக் குழு பிரிப்பதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும். பிரித்த பிறகு கத்தினால் முன்வரிசைக்குத்தான் போகும். 'புரிந்ததா?' என்று கேட்கவும் கூடாது, எல்லாம் "புரிஞ்சுது சார்" என்றுதான் வரும். 'என்ன செய்யப் போகிறாய், சொல்' என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

பெஞ்சுக் கால்களுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினோம். தரையில் இழுக்கும் கிறீச் போய்விட்டது. செலவு ஒன்றுமில்லை, பஞ்சர் கடையில் சும்மா கொடுத்தார்கள்.

உங்கள் டீச்சர்மேல் கோபப்படாதீர்கள். சத்தம் ஏற ஏற நம் குரலும் தானாக ஏறும், சாயங்காலம் தொண்டை கட்டிக்கொள்ளும். 42 பேரை அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தி நடத்துகிற ஒருவருக்கு, ஒரு பிள்ளை வேறு எண் எழுதினால் கவனக்குறைவு என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது.


சேலம் அப்பா

சுவரில் முட்டை அட்டை, தெர்மாகோல் ஒட்டினால் சத்தம் குறையும் என்று சொல்கிறார்களே? காலர் மைக் வாங்கிக் கொடுத்தால்?


மதுரை ஆடியாலஜிஸ்ட்

முட்டை அட்டையும் தெர்மாகோலும் வேண்டாம். பெரிதாக எதையும் உறிஞ்சாது, எளிதில் தீப்பிடிக்கும். சத்தத்தை உறிஞ்ச, காற்று உள்ளே நுழைந்து போகக்கூடிய தடிமனான பொருள் வேண்டும். கோவைக்குப் பக்கத்திலேயே பொள்ளாச்சி இருக்கிறது, தென்னைநார் விரிப்பு நன்றாக வேலை செய்யும். பின்சுவரில் போடுங்கள், டீச்சர் குரல் போய் மோதித் திரும்புவது அங்கேதான். சுவரை ஒட்டி அறையாமல் மரச்சட்டம் வைத்துக் கொஞ்சம் இடைவெளி விட்டால் இன்னும் நல்லது. சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

காலர் மைக்கை நான் உடனே பரிந்துரைக்கமாட்டேன். டீச்சர் தொண்டைக்கு நல்லது. ஆனால் எதிரொலிக்கும் அறையில் குரலைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும். அந்தத் தடுப்புக்கு மேலே இரண்டடி திறந்திருக்கும்வரை, இவர் மைக் போட்டால் பக்கத்து வகுப்புக் கெடும். அப்புறம் அவரும் ஒரு மைக் வாங்குவார்.


சிங்காநல்லூர் அம்மா

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காதுப் பரிசோதனை செய்தோம். இரண்டு காதும் நார்மல். இரைச்சலில் சொல்லும் சோதனையும் செய்தார்கள். தமிழ்ச் சொற்களில் நன்றாகவே சொன்னாள், ஆங்கிலத்தில் இறங்கிவிட்டது. மதுரைத் தங்கை எழுதியபடியேதான்.

ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு டீச்சரைப் பார்க்கப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நோட்டை விரித்து வைத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மூன்றாவது பக்கத்தில் விரலை வைத்து, "கூட்டல் எல்லாம் கரெக்டாக இருக்கிறதே" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பென்சில் எடுத்துத் தப்புக் குறி போட்ட இடங்களில் எல்லாம் சின்னதாக ஒரு டிக் போட்டார். மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் அந்த நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பாட்டியிடம் காட்டிய காட்சியை நான் மறக்கமாட்டேன்.

இப்போது வாய்க்கணக்கில் எண்ணைச் சொன்னவுடன் 'ஒன், த்ரீ' என்று பிரித்தும் சொல்கிறார், கரும்பலகையிலும் எழுதுகிறார். மகள் இரண்டாவது பெஞ்சில் ஜன்னலைவிட்டுத் தள்ளி உட்காருகிறாள். இன்னும் ஏழு பிள்ளைகளுக்கும் இதே மாதிரி எண் மாறியிருந்ததை டீச்சரே மற்ற நோட்டுகளில் தேடிக் கண்டுபிடித்தார். அதில் ஒரு பிள்ளையைப் பெற்றோர் டியூஷனில் சேர்த்திருக்கிறார்கள், கணக்கு வரவில்லை என்று.

டக் டக் விசிறிக்கு பேரிங் மாற்றியாயிற்று. சைக்கிள் டியூப் யோசனையை நாலு அப்பாக்கள் ஒரு சனிக்கிழமை மதியம் முடித்துவிட்டார்கள். தென்னைநார் விரிப்பைப் பொள்ளாச்சியிலிருந்து கொண்டுவந்து பின்சுவரில் அடித்தோம். கைதட்டினால் முன்பு கணீரென்று இழுக்கும், இப்போது சட்டென்று அடங்குகிறது. தெருப்பக்க ஜன்னலை மூடலாமா என்று பேச்சு வந்தது. ஷீட் கூரைக்கு அடியில் அந்த வெக்கையில் முடியாது, விட்டுவிட்டோம். லேத் பட்டறை அண்ணனிடம் நானே போய்ப் பேசினேன். காலை பத்து முதல் பதினொன்று வரை கணக்குப் பீரியட் என்றேன். அந்த நேரத்தில் கிரைண்டிங் வைக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பெரும்பாலான நாட்கள் பார்த்துக்கொள்கிறார். அவர் மகனும் அங்கேதான் ஐந்தாம் வகுப்பு.

பாட்டி கதை நடக்கிறது. இப்போது இவள் அதைப் பாதி ஆங்கிலத்தில் அவருக்கே திருப்பிச் சொல்கிறாள்.

நேற்று ரஃப் நோட்டைப் பார்த்தேன். பத்துக் கணக்கில் ஒரு 15 மட்டும் 50 ஆகியிருந்தது. கேட்டதற்கு, "அந்தப் பக்கம் எட்டாம் வாய்ப்பாடும்மா" என்றாள். தடுப்பைக் கூரைவரை உயர்த்தக் கோடை விடுமுறையில் பார்க்கலாம் என்று எச்.எம். சொல்லியிருக்கிறார், பெற்றோர் பாதிச் செலவு ஏற்றால். இருபதடி நீளம், இரண்டடி உயரம். பிளைவுட்டே போதுமா, செங்கல் கட்டவேண்டுமா? செலவு எவ்வளவு ஆகும் என்று அனுபவப்பட்டவர்கள் யாராவது சொன்னால், அடுத்த கூட்டத்துக்கு முன்னால் கணக்குப் போட்டு வைத்துக்கொள்வேன்.